மெஷினா, பையா: டயாலிசிஸ் முடிவெடுக்கும் முன்

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் பழைய அலுவலக நண்பன் கூப்பிட்டான். என்னைவிட எட்டு வயது சின்னவன். "அண்ணே, அம்மாவுக்கு கிரியாட்டினின் ஆறு தாண்டிருச்சு. டயாலிசிஸுக்குத் தயாராகச் சொல்லிட்டார் டாக்டர். நல்ல சென்டர் எதுண்ணே?" என்று கேட்டான். கிரியாட்டினின் என்பது ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு; சிறுநீரகம் கெடக் கெட அந்த எண் ஏறும்.

2017-இல் எங்கள் அப்பாவுக்காக நானும் இதே கேள்வியைத்தான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். எல்லோரும் சென்டர் பெயரைத்தான் சொன்னார்கள். பையில் வரும் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் என்று ஒன்று இருக்கிறது என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்பா பதினோரு மாதம் பஸ்ஸில் அலைந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிய வந்தது. நண்பனிடம் போனில் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. அப்பாவின் சிறுநீரகம் நின்றதிலிருந்து ஐந்து வருஷம் அவர் கூடவே இருந்தவன், அவ்வளவுதான்.

சென்டர் பெயர் சொல்வதற்கு முன்னால் அவனிடம் நாலு கேள்வி கேட்டேன். அம்மா இருக்கும் வீட்டிலிருந்து டயாலிசிஸ் நடக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பகலில் வீட்டில் கூட யார் இருப்பார்கள்? சிறுநீர் இன்னும் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது? கண் பார்வை எப்படி இருக்கிறது? தூரத்தைத் தவிர வேறு எதற்கும் அவனிடம் பதில் இல்லை. "ஊருக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேண்ணே" என்றான். எந்த வகை டயாலிசிஸ் என்ற முடிவில் பாதிக்குமேல் இந்த நாலு பதிலுக்குள் அடங்கிவிடும்.

மெஷின் டயாலிசிஸிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் டயாலிசிஸ் என்றாலே எல்லோருக்கும் இதுதான். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கையிலிருந்து ரத்தம் நிமிஷத்துக்கு 250, 300 மில்லி என்று வெளியே வந்து, டார்ச் லைட் அளவுள்ள ஒரு குழலுக்குள் போகிறது. அதுதான் டயலைசர். அதற்குள் முடியைப்போல மெல்லிய ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கும். ரத்தம் அவற்றின் உள்ளே ஓட, வெளிப்புறம் நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் சுத்தம் செய்யும் திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 120 லிட்டர். வாரத்துக்கு 360 லிட்டர். சாதாரண ஆள் வாரம் முழுக்கக் குடிக்கும் தண்ணீர் பதினைந்து லிட்டர்கூட வராது. அப்படியானால் மெல்லிய ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தை உரசிக்கொண்டு போகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

நாங்கள் அதைக் கேட்கவில்லை. மெஷின் ஜெர்மனியா ஜப்பானா என்று கேட்டோம். ஃப்ரெசீனியஸ், நிப்ரோ, பி. பிரான் என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், ஒழுங்காகப் பராமரித்தால் அந்த நான்கு மணி நேர வேலையைச் செய்துவிடும். வித்தியாசம் பின்னால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையில்தான். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் டெஸ்ட் கடைசியாக எப்போது எடுத்தார்கள், ரிப்போர்ட்டைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். நல்ல சென்டரில் இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். அப்பாவுக்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டு முறை மெஷினில் இருக்கும்போதே குளிர் ஜுரம் வந்தது. பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம். அவசரத்துக்குக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் தொற்றாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். எதுவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்டபோது ஒரு ஊசி போட்டார்கள், பதில் சொல்லவில்லை.

அடுத்தது டயலைசர். இந்தியாவில் ஒரே டயலைசரைக் கழுவி அதே நோயாளிக்குத் திரும்பவும் பயன்படுத்துவது பரவலான வழக்கம். செலவைக் குறைக்கத்தான். முறையாகச் செய்தால் அதில் பெரிய தப்பு இல்லை. ஒவ்வொரு தடவை கழுவிய பிறகும் அதன் கொள்ளளவை அளப்பார்கள். புதிதாக இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப்போட வேண்டும். கழுவும் இடத்தில் அலமாரி இருக்கும், ஒவ்வொரு டப்பாவிலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். மெஷினில் மாட்டும் முன் அந்தப் பெயரை நீங்களே ஒருமுறை படியுங்கள். எங்கள் வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அன்றிலிருந்து அப்பாவின் டப்பாவில் இனிஷியலோடு வயதையும் எழுதச் சொன்னேன். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. இருப்பவர்களுக்குத் தனி மெஷின் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ் தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுவது நல்லது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வழக்கமான அளவைப்போல இரண்டு மடங்கு டோஸ் போடுவார்கள், எல்லா ஊசியும் முடிய ஆறு மாதம் ஆகும்.

இனி அப்பாவின் வாரம். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே. அப்போது எங்களுக்கு இடம் கிடைத்தது தஞ்சாவூரில். காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. நாலு மணிக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு கால்மணி உட்கார்ந்து, கிறுகிறுப்பு அடங்கினால் பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். வீடு வந்து சேர மூன்று மணி. அப்புறம் அவர் சுருண்டு படுத்தால் மறுநாள் காலைதான் முகத்தில் தெளிவு வரும். அன்றைக்கு ஒரு பகல் நன்றாக இருப்பார். மறுநாள் திரும்பவும் நாலு மணி.

மெஷின் செய்வது இரண்டு நாள் வேலையை நான்கு மணி நேரத்தில் செய்வது. இரண்டு நாளாகச் சேர்ந்த மூன்று கிலோ தண்ணீரை ஒரே மூச்சில் இழுப்பதால்தான் பிரஷர் இறங்குகிறது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. அதனால் தண்ணீருக்குக் கட்டுப்பாடு. போகிற சிறுநீரின் அளவோடு அரை லிட்டர், ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அப்பாவுக்கென்று ஒரு பாட்டிலில் அளந்து வைப்போம். மாத்திரைக்கு, காப்பிக்கு, ரசத்துக்கு எல்லாம் அதிலிருந்துதான் கழிவு. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம் என்பதால் இளநீர் கூடாது. நாற்பது தென்னைக்குச் சொந்தக்காரர், ஆள் ஏறிப் பறித்துப் போட்டதைப் பேரப்பிள்ளைகள் குடிப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அலைச்சல் தாங்காமல் 'வாரத்துக்கு இரண்டு தடவை போதுமே' என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. காசுக்காகவும் தூரத்துக்காகவும் நம் நாட்டில் ஏராளமானோர் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிறுநீர் நன்றாகப் போகிற ஆரம்ப நாட்களில் டாக்டரே இரண்டு போதும் என்று சொன்னால் சரி. நாமாகக் குறைக்கக் கூடாது. வாரத்துக்கு மூன்று தடவை செய்பவர்களுக்கே, இரண்டு நாள் இடைவெளி விழுகிறதே, அது முடிகிற சமயத்தில்தான் சாவும் இதயக் கோளாறும் அதிகம் என்று 2011-இல் அமெரிக்க நோயாளிகளின் கணக்கை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு தடவை மட்டும் செய்பவருக்கு ஒவ்வொரு வாரமும் மூன்று நாள் இடைவெளி வந்துவிடும்.

சரி, வயிற்று டயாலிசிஸ். சி.ஏ.பி.டி. என்பார்கள். வயிற்றுக்குள் குடலைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதையே டயலைசராக வைத்துக்கொள்வதுதான் இந்த முறை. சின்ன அறுவை செய்து தொப்புளுக்குப் பக்கத்தில் பென்சில் கனத்தில் மிருதுவான ஒரு குழாயை வைப்பார்கள். புண் ஆற இரண்டு வாரம் விடுவார்கள். அப்புறம் பையில் வரும் இரண்டு லிட்டர் திரவத்தை அந்தக் குழாய் வழியே உள்ளே விட்டு, நாலைந்து மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுத்துவிட்டுப் புதியதை விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை. ஊசி இல்லை, ரத்தம் வெளியே வருவதில்லை, கரண்ட் வேண்டாம். சுத்தம் செய்கிற வேலை சிறுநீரகம் செய்வதைப் போலவே நாள் முழுக்க மெதுவாக நடப்பதால், பிரஷர் திடீரென்று விழாது. மிச்சம் இருக்கும் சிறுநீரும் மெஷினில் இருப்பவர்களைவிடக் கூடுதல் காலம் நிற்கும்.

எங்கள் வீட்டில் அது நடந்த விதம் இது. கிழக்கு அறையை வெள்ளையடித்துக் காலி செய்தோம். காற்றாடியை நிறுத்து, கதவைச் சாத்து, முகக்கவசம் போடு, நகத்திடுக்கு வரை சோப்புப் போட்டுக் கைகழுவு. இந்த வரிசையை அம்மா மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே செய்வாள். புதுப் பையை ஜன்னலின் மேல் கம்பியில் மாட்டுவாள், காலிப் பை தரையில் தட்டில் கிடக்கும். முதலில் வயிற்றில் இருப்பது இறங்கும். இருபது நிமிஷம். பிறகு புதியது ஏறும். பத்து நிமிஷம். முழுசும் அரைமணிக்குள் முடிந்துவிடும். அப்பா அந்த நேரத்தில் ரேடியோவில் செய்தி கேட்பார். இறங்கிய பையைத் தினத்தந்தி மேல் வைத்துப் பார்ப்பது அம்மாவின் வேலை. பைக்கு அந்தப் பக்கம் எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. இது பயிற்சி கொடுத்த சிஸ்டர் சொல்லித் தந்தது. பிறகு பையைத் தராசில் நிறுத்தி, எவ்வளவு தண்ணீர் கூடுதலாக வந்தது என்று நோட்டில் எழுதுவாள். மஞ்சள் மூடி, பச்சை மூடி என்று பைகளில் வகை உண்டு, சர்க்கரையின் அளவு வேறு வேறு; சர்க்கரை கூடினால் உடம்பிலிருந்து தண்ணீரைக் கூடுதலாக இழுக்கும். கால் வீங்கினால் பச்சை போடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாவது வகுப்போடு நின்றவள் அம்மா. ஒரு வாரப் பயிற்சியில் கற்றுக்கொண்டாள்.

ஒரு நாள் எழுத்துத் தெரியவில்லை. பை அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கியிருந்தது. அப்பாவுக்கு வயிற்றைத் தொட்டாலே வலி. முந்தின நாள் அம்மா வெளியூர் போயிருந்ததால் பை மாற்றியது நான். அவசரத்தில் கை கழுவியது போதவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அந்தப் பையைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிருமி எதுவென்று பார்க்க அதுதான் வேண்டும். மருந்தைப் பைக்குள்ளேயே கலந்து இரண்டு வாரம் கொடுத்தார்கள், சரியானது. வயிற்று டயாலிசிஸில் பயப்பட வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான். கலங்கல் தெரிந்த அன்றே ஓடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விட்டால் குழாயையே எடுக்க நேரும், சில சமயம் உயிருக்கும் ஆபத்து.

மற்ற குறைகளையும் மறைக்கக் கூடாது. திரவத்தில் சர்க்கரை இருப்பதால் அது உடம்பில் ஏறும். நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலின் கூட்ட வேண்டியிருக்கும். வெளியேறும் தண்ணீரோடு தினமும் புரதமும் போய்விடும். முட்டை வெள்ளைக்கரு மருந்து மாதிரி தினப்படி ஆகிவிடும். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர் சரியாக இறங்காது. கிணற்றில், குளத்தில் முங்கிக் குளிக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று பை என்றால் மாதத்துக்கு 90 பை, 180 கிலோ. பெட்டிகள் வந்து இறங்கினால் பாதி அறை போய்விடும். சில வருஷங்களில் சவ்வு தளர்ந்து மெஷினுக்கு மாற வேண்டியும் வரலாம். எல்லாவற்றையும்விடப் பெரியது, லீவே கிடையாது. தீபாவளி அன்றும் பை மாற்ற வேண்டும். அந்தச் சுமை பெரும்பாலும் மனைவி, மருமகள் தலையில்தான் விழுகிறது. 'வீட்டிலேயே பண்ணிக்கலாம்' என்று ஆண்கள் முடிவெடுக்கும் முன் அதைச் செய்யப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அம்மாவாகவே முன்வந்தாள் என்பது வேறு.

இத்தனையும் இருந்தும் நான் ஏன் பை பக்கம் சாய்கிறேன் என்றால், 2018 நவம்பர் 16. விடியும் முன் கஜா புயல் அடித்தது. காலையில் பார்த்தால் எங்கள் நாற்பது தென்னையில் ஏழுதான் நின்றன. ரோடு முழுக்க மரம், கரண்ட் கம்பம் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அன்று காலை ஆறரைக்கு டார்ச் வெளிச்சத்தில் அம்மா வழக்கம்போல அப்பாவுக்குப் பை மாற்றினாள். அப்பா மெஷினை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பழையபடி இருந்திருந்தால் அன்று தஞ்சாவூருக்கு எப்படிப் போயிருப்போம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றபோதும் இதே கதைதான். மெஷினை நம்பியிருந்தவர்கள் கார் வாடகைக்குக் கடன் வாங்கினார்கள்.

அப்படியானால் இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை? டாக்டர்களைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. சென்டர் வைப்பவர் மெஷினுக்கும் ஆர்.ஓ. பிளாண்டுக்கும் லட்சக்கணக்கில் முதல் போடுகிறார். ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட் ஓடினால்தான் அது திரும்பி வரும். காப்பீட்டுப் பணமும் ஒரு தடவைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருவது. வீட்டில் பை மாற்றும் நோயாளியால் எந்த நாற்காலியும் நிரம்பாது. அரசின் போக்கும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 2016 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது, ஆண்டுக்கு 2.2 லட்சம் பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது, நாட்டில் சுமார் 4,950 சென்டர்கள்தான் உள்ளன, தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது என்றார்கள். மாவட்ட மருத்துவமனைகளில் தனியாரோடு சேர்ந்து மெஷின் வைப்பதுதான் அதற்கு வழியாகச் சொல்லப்பட்டது. வயிற்று டயாலிசிஸ் அந்தத் திட்டத்துக்குள் வந்தது 2019-இல்தான். ஹாங்காங்கில் 1985-இலிருந்தே முதலில் பை, முடியாவிட்டால்தான் மெஷின் என்பது அரசின் கொள்கை. தாய்லாந்து 2008-இல் அந்த வழிக்குப் போய், 2022-இல் நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றியது. ஆக, எது கண்ணில் படுகிறது என்பதைச் சந்தையும் அரசும் முடிவு செய்கின்றன, நோயாளியின் உடம்பு முடிவு செய்வதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல மாற்றம் 2021 ஆகஸ்டில் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதையும் சேர்த்தார்கள். நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பை விஷயத்தில் சந்தையின் இன்னொரு முகமும் தெரிந்திருக்க வேண்டும். மெஷின் செய்யப் பல கம்பெனிகள் உண்டு. பை செய்பவை கொஞ்சம்தான். உலகிலேயே பெரிய பெயரான பேக்ஸ்டர் தன் சிறுநீரகப் பிரிவை வான்டிவ் என்று தனியாகப் பிரித்து, 2025 ஜனவரியில் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 380 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 செப்டம்பரில், ஹெலீன் புயலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த பேக்ஸ்டர் ஆலை மூழ்கியது. அமெரிக்காவில் பைத் திரவத்தை அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே ஆலை, அவ்வளவு வீடுகள். அதனால் பையில் இருப்பவர்கள் வீட்டில் எப்போதும் பதினைந்து நாள் கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். கஜா சமயத்தில் எங்களைக் காப்பாற்றியது கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு வரிசைப் பெட்டிதான்.

செலவுக்கு வருகிறேன். 2016 பட்ஜெட் உரையிலேயே ஒரு தடவைக்குச் சுமார் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல் என்று சொன்னார்கள். தனியாரில் மாதத்துக்கு 13 தடவை என்றால் 26,000. மூன்று பை வீதம் வயிற்று டயாலிசிஸும் கைக்காசில் ஏறக்குறைய அந்த இடத்துக்குத்தான் வரும். காகிதத்தில் சமம். ஆனால் எங்கள் நோட்டில் மெஷின் பக்கத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. இரண்டு பேருக்கு மாதம் 26 பஸ் பயணம், ஆட்டோ, வெளிச் சாப்பாடு, பிறகு நான் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். கடைசி வரிதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்பு ஊசியும் எந்தப் பக்கம் போனாலும் உண்டு. தனியார் சென்டரில் 'எல்லாம் சேர்த்து' என்று விலை சொன்னால் இந்த ஊசி அதில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

அரசு மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அங்கே கட்டணம் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1993-இலிருந்து குறைந்த செலவில் டயாலிசிஸ் செய்துவரும் டேங்கர் அறக்கட்டளை ஒரு வழி. ரயிலில் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. எங்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

பெரிய தனியார் சென்டர்களில் இப்போது எச்.டி.எஃப். என்ற உயர்ந்த வகை மெஷின் டயாலிசிஸைச் சொல்கிறார்கள். பொய் இல்லை. 2023-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 1,360 பேரைப் பார்த்தபோது, சாதாரண முறையில் 21.9 சதவீதம் பேரும் இதில் 17.3 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பலன் ஒரு தடவைக்கு 23 லிட்டர் அளவு திரவத்தை மாற்ற முடிந்தவர்களிடம் பார்த்தது. அதற்கு நல்ல ரத்த ஓட்டம் வேண்டும், மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். 'எத்தனை லிட்டர் வருகிறது?' என்று கேளுங்கள். இதற்காகக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு மூன்றாவது தடவையை விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். இரவில் தானாகவே பை மாற்றும் மெஷினும் இருக்கிறது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லது, ஆனால் கரண்ட் வேண்டும், விலையும் கூடுதல்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே மாற்று சிறுநீரகம். ஒத்துவருகிற உடம்பும் கொடுக்க மனமுள்ள சொந்தமும் இருந்தால் டயாலிசிஸ்களை ஒப்பிட்டுக்கொண்டு வருஷங்களைக் கழிக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் 1971-இலேயே வெற்றிகரமாகச் செய்தது இது. மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு, தொற்றுப் பயமும் உண்டு. ஆனாலும் ஆயுள், தெம்பு, தண்ணீர் குடிக்கும் சுதந்திரம் எல்லாவற்றிலும் டயாலிசிஸால் அதன் பக்கத்தில் வர முடியாது. இறந்தவர் உறுப்புக்கு 2008-இலிருந்து தமிழக அரசே நடத்தும் பட்டியல் இருக்கிறது. வயது இடங்கொடுத்தால் டயாலிசிஸ் தொடங்கிய மாதமே பெயரைப் பதிந்துவிடுங்கள். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, இதயத்தில் அடைப்பு. எங்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது.

நண்பனுக்கு நான் அழுத்திச் சொன்னது ஒன்று உண்டு. தயாராவது வேறு, தொடங்குவது வேறு. கிரியாட்டினின் எண்ணைப் பார்த்து மட்டும் டயாலிசிஸ் தொடங்க வேண்டியதில்லை. சீக்கிரம் தொடங்கினாலும் அறிகுறி வரும்வரை பொறுத்திருந்து தொடங்கினாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று 2010-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் தயாராவதைத் தள்ளிப்போட்டால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே போய்விடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. மூச்சு முட்டி ராத்திரியில் தூக்கிக்கொண்டு போனோம், கழுத்தில் குழாய் போட்டார்கள், மெஷினில் போட்டார்கள். அப்புறம் யார் ஒப்பிட்டுப் பார்ப்பது? மெஷின்தான் என்று முடிவானால் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா செய்ய வேண்டும். அது பழுக்க இரண்டு மாதமாவது ஆகும். நல்ல ஃபிஸ்டுலாவில் விரலை வைத்தால் வண்டு ரீங்காரம் மாதிரி அதிர்வு தெரியும். அறுவைக்கு முன்பும் பின்பும் அந்தக் கையில் டயாலிசிஸுக்குத் தவிர வேறெதற்கும் ஊசி குத்தவோ ரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் இடது கை. குத்திக் குத்திக் கெட்டுப்போன நரம்பில் ஃபிஸ்டுலா நிற்காது. லேப் பையனிடம் கையை நீட்டும்போதே சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் நண்பன் நாலு பதிலோடும் கூப்பிட்டான். அம்மா திருவாரூரில் தனியாக இருக்கிறார். நீரிழிவால் ஒரு கண் மங்கல். பகலில் கூட யாரும் இல்லை, அவன் தங்கை சாயங்காலம்தான் வருகிறாள். சிறுநீர் நன்றாகப் போகிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆட்டோவில் கால்மணி. பையைப் பற்றி அவ்வளவு சொன்ன நான், "மெஷினே போகட்டும்டா" என்றேன். கலங்கலைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டும், அல்லது கண் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும். அவர் வீட்டில் இரண்டும் இல்லை, ஆஸ்பத்திரியோ பக்கத்தில் இருக்கிறது. இதே அம்மா எங்கள் ஊரில் மகளோடு இருந்திருந்தால் பை என்றுதான் சொல்லியிருப்பேன். பழைய வயிற்று அறுவைகள், குடலிறக்கம் இருந்தாலும் மெஷின் பக்கம்தான் போயிருப்பேன். இதயம் பலவீனமாக இருந்து பிரஷர் நிற்காதவருக்கு, கொஞ்சம் தூரம் குறைவாக இருந்தாலும் பையைப் பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லியிருப்பேன்.

ஃபிஸ்டுலா அறுவைக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்களாம். ஹெபடைட்டிஸ் ஊசி முதல் டோஸ் போட்டாயிற்று. "இடது கையில யாரையும் தொட விடலைண்ணே. அம்மா கையைச் சேலைக்குள்ளயே வெச்சிருக்காங்க" என்றான்.